ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் வறுமையை விற்கிறார்களா?

10 பிப்ரவரி 2025 (இணைய இழையில் வாசகர் ஒருவரின் கேள்வி)

கடந்த ஓராண்டில் ஆப்பிரிக்க நாவல்கள் ஐந்து படித்தேன். ஐந்திலும் தகரக் கூரை, வயிறு உப்பிய குழந்தை, குப்பை மேடு. அங்கே வேறு வாழ்க்கையே கிடையாதா? லண்டனில் பரிசு கொடுப்பவர்களுக்காகவே தங்கள் ஊர் வறுமையை மூட்டை கட்டி விற்கிறார்கள் என்று தோன்றுகிறது. தவறென்றால் யாராவது சொல்லுங்கள்.

11 பிப்ரவரி

பாதி தவறு, பாதி சரி. இந்தச் சண்டையை அவர்களே நமக்கு முன்னால் போட்டுவிட்டார்கள்.

ஜிம்பாப்வேயின் நோவயலெட் புலவாயோ 2011-இல் ஒரு சிறுகதைக்கு, ஆப்பிரிக்கச் சிறுகதைகளுக்கு பிரிட்டனில் தரப்படும் கெய்ன் பரிசை வாங்கினார். (நடிகர் மைக்கேல் கெய்ன் பெயரில் உள்ள பரிசு அல்ல. புக்கர் நிறுவனத்தின் தலைவராக இருந்த வேறொரு மைக்கேல் கெய்ன். நானும் வெகுநாள் நடிகர் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.) 'பாரடைஸ்' என்ற தகரக் குடிசைப் பகுதியின் பிள்ளைகள் 'புடாபெஸ்ட்' என்ற பணக்காரக் குடியிருப்புக்குக் கொய்யா திருடப் போகிறார்கள். கூட்டத்தில் சிப்போ என்ற சிறுமி கர்ப்பமாக இருக்கிறாள். திரும்பும் வழியில் மரத்தில் ஒரு பெண்ணின் பிணம் தொங்குகிறது. பிள்ளைகள் பயந்து விலகுகிறார்கள். பிறகு அவள் காலில் இருக்கும் காலணியை விற்றால் ரொட்டி வாங்கலாமே என்று ஒருவனுக்குத் தோன்ற, எல்லோரும் பிணத்தை நோக்கித் திரும்பி ஓடுகிறார்கள்.

இந்தக் கதையே 2013-இல் வந்த நாவலின் முதல் அத்தியாயமானது. நைஜீரிய எழுத்தாளர் ஹெலோன் ஹபிலா கார்டியன் பத்திரிகையில் அதற்கு மதிப்புரை எழுதினார். நீங்கள் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்: தொலைக்காட்சிச் செய்தியில் வரும் எல்லாத் துயரமும் வரிசையாக வந்துவிட்டது, ஆப்பிரிக்காவை வெளியாருக்கு நடித்துக் காட்டுகிறார்கள் என்று. இதில் வேடிக்கை, 2001-இல் அதே கெய்ன் பரிசை வாங்கியவர் ஹபிலா. முதல் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவியவர் அடுத்த பந்தியில் உப்பு அதிகம் என்கிறார்.

முதல் வாசிப்பில் நான் ஹபிலா பக்கம்தான் இருந்தேன். பிணமும் காலணியும் எனக்குக் கூடுதலாகப் பட்டன.

11 பிப்ரவரி, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். கொய்யாவையே மூன்று வேளையும் தின்றால் என்ன ஆகும்? மலச்சிக்கல். அந்தப் பிள்ளைகள் புதருக்குள் குந்தி உட்கார்ந்து படும் அவஸ்தையைப் புலவாயோ வஞ்சனையில்லாமல் எழுதியிருக்கிறார். பசியைத் தூரத்தில் நின்று பார்ப்பவனுக்குச் சாப்பாட்டுக்கு முந்தைய நிமிடம் மட்டுமே தெரியும். மறுநாள் காலை தெரியாது. இந்தப் பத்தியைப் படித்த பிறகு ஹபிலா பக்கத்திலிருந்து ஓர் அடி நகர்ந்தேன்.

14 பிப்ரவரி

"கென்யாக்காரர் ஒருவர் கேலியாக எழுதிய கட்டுரை உண்டே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பின்யவாங்கா வைனைனா. 2005-இல் கிரான்டா இதழில் வந்தது. ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுவது எப்படி என்று வெள்ளைக்கார எழுத்தாளர்களுக்கு யோசனை சொல்வதுபோல எழுதப்பட்டது. பட்டினிக்காரர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், ஏறக்குறைய ஆடையில்லாமல் அகதி முகாமில் அலைய வேண்டும், மேற்கிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க வேண்டும். சாதாரணக் குடும்பக் காட்சி எதுவும் தப்பித்தவறிக்கூட வரக்கூடாது. கட்டுரை நெடுகிலும் இதே தொனி.

அவரைப் படித்துச் சிரித்துவிட்டு நம்மைப் பார்த்துக்கொள்ளலாம். எண்பதுகளில் நான் படித்த பள்ளியில் ஒல்லியாக இருக்கும் பையனுக்கு 'எத்தியோப்பியா' என்று பட்டப்பெயர். தொண்ணூறுகளில் என் தம்பி வகுப்பில் அது 'சோமாலியா' ஆகிவிட்டது. செய்தி மாறியதும் பட்டப்பெயரும் மாறியது, அவ்வளவுதான். 2016 தேர்தல் பிரசாரத்தில் கேரளப் பழங்குடிக் குழந்தைகளின் இறப்பு விகிதத்தைப் பிரதமர் சோமாலியாவோடு ஒப்பிட்டதும் மலையாளிகள் கொதித்தார்கள் அல்லவா? அந்த வாரம் சோமாலியர்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று கேட்டவர் எத்தனை பேர்? நுருதீன் ஃபாரா என்ற நாவலாசிரியர் அந்த நாட்டுக்காரர். அவருடைய ஒரு நாவலில் மொகதிஷுவில் மருத்துவமனை செவிலியாக இருக்கும் துனியா, யார் எதை இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்கத் தயங்குகிறாள். ஒருவர் காரில் ஏற்றிக்கொண்டு போனதைக்கூடக் கடனாகவே மனதில் எழுதி வைத்துக்கொள்கிறாள். கதைக்கு நடுநடுவே வெளிநாட்டு உணவு உதவி பற்றிய பத்திரிகைச் செய்திகள் வருகின்றன. பட்டப்பெயர் வைத்தபோது நமக்குத் துனியாவைத் தெரியாது.

1984-இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக பிரிட்டன், அயர்லாந்து பாடகர்கள் பாடிய பாட்டு ஒன்று. கிறிஸ்துமஸ் வந்தது அவர்களுக்குத் தெரியுமா என்பது அதன் கேள்வி. எத்தியோப்பியா நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு. அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது ஜனவரி 7. பாட்டு வந்த டிசம்பரில் உண்மையிலேயே அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வரவில்லைதான்!

20 பிப்ரவரி

இனி எனக்குப் பிடித்த இடம். நான் கணக்கர். கதை படித்தாலும் காசு எங்கே போகிறது என்றுதான் கண் போகும்.

செனகலின் உஸ்மான் செம்பேன் மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பிறகு எழுத வந்தவர். அவருடைய குறுநாவல் ஒன்று 1968-இல் 'மாண்டாபி' என்ற படமானது, வொலோஃப் மொழியில். மாண்டாபி என்றால் மணியார்டர். டக்கார் நகரில் இப்ராஹிமா டியெங் என்பவருக்கு வேலை இல்லை, இரண்டு மனைவிகள், பிள்ளைகள். பாரிஸில் தெருக்கூட்டும் மருமகன் (சகோதரி மகன்) அவருக்கு 25,000 பிராங்க் மணியார்டர் அனுப்புகிறான். செய்தி வந்த அன்றே மனைவிகள் கடையில் அரிசி கடன் வாங்கிச் சமைத்துவிடுகிறார்கள். தெருவே கைமாற்றுக் கேட்டு வந்து நிற்கிறது. தபால் அலுவலகத்தில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். டியெங்குக்குப் பிறந்த தேதியே தெரியாது. புகைப்படம் வேண்டும், ஸ்டாம்பு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காசு. பணம் கைக்கு வரும் முன்பே அதை வாங்குவதற்காகக் கடன்மேல் கடன். கடைசியில் படித்த உறவினர் ஒருவர் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கித் தானே பணத்தை எடுத்துக்கொள்கிறார், ஜேப்படித் திருடன் அடித்துவிட்டான் என்கிறார்.

படத்தில் யாரும் எலும்பும் தோலுமாக இல்லை. டியெங் நல்ல தொந்தி உள்ளவர், நீண்ட அங்கியை உதறிச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நடப்பார். ஆரம்பத்தில் அவர் சாப்பிடும் காட்சி ஒன்று உண்டு, பார்த்தால் நமக்கே ஏப்பம் வரும். ஆனாலும் பணம் இல்லாத மனிதனைப் பற்றி இதைவிட நல்ல படத்தை நான் பார்த்ததில்லை.

21 பிப்ரவரி, திருத்தம்

நேற்று 25,000-மும் டியெங்குக்கு வந்ததுபோல எழுதிவிட்டேன். ஒரு நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார். சரியான பிரிவினை: 20,000 மருமகனுடைய சேமிப்பு, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னது. 3,000 அவன் தாய்க்கு. டியெங்குக்கு 2,000 மட்டுமே. அந்த 2,000-த்துக்காகத்தான் இத்தனையும். கணக்கனாக இருந்துகொண்டு இதைத் தவறவிட்டது வெட்கம். கதையின் உயிரே அந்தப் பிரிவினையில் இருக்கிறது. தெருவுக்குத் தெரிவது 25,000, டியெங்குக்குத் தெரிவது 2,000.

2 மார்ச்

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் நாவல் (1958) தமிழில் 'சிதைவுகள்' என்று கிடைக்கிறது. எல்லோரும் நாயகன் ஒக்கொன்வோவைப் பேசுவார்கள். எனக்கு அவன் அப்பா உனோக்காதான். கடன்காரன், சோம்பேறி, புல்லாங்குழல்காரன். ஒக்கோயே என்ற பக்கத்து வீட்டுக்காரர் வந்து, கோலா கொட்டையெல்லாம் உடைத்துத் தின்று, பழமொழியாகச் சுற்றி வளைத்து, கடைசியில் 200 சோழிக் கடனைக் கேட்கிறார். உனோக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறான். சுவரைக் காட்டுகிறான். சுண்ணாம்புக் கோடுகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. ஒரு கூட்டம் கடன் கொடுத்த ஒருவருக்கு, ஒரு கோடு நூறு சோழிக்கு. பெரிய கடனையெல்லாம் தீர்த்த பிறகுதான் சின்னக் கடன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறான்.

எங்கள் வீட்டில் இப்போது பால்காரருக்குப் பாக்கி என்றால் என் மனைவி "உனோக்கா கணக்கா?" என்று கேட்கிறாள்.

9 மார்ச்

"நீங்கள் ஆப்பிரிக்காவைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்தீர்களா?" என்று கேட்டவருக்கு: இல்லை. 2012 முதல் 2016 வரை தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் இருந்தேன். கரியாக்கோ சந்தைக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் ஒரு கடையில் கணக்கு வேலை.

கடை வாசலில் மத்தியானம் ஓர் அம்மாள் சோறு விற்பார். தெருவோரச் சாப்பாட்டுக்காரிகளுக்கு அங்கே 'மாமா ந்திலியே' என்று பெயர். 'அம்மா, எனக்குக் கொஞ்சம் போடு' என்று அர்த்தம். ஸ்வாஹிலியில் 'மாமா' என்றால் அம்மா. முதல் வாரம் ஒரு பெண்ணைப் பார்த்து "மாமா" என்று கூப்பிட என் வாய் வரவில்லை. இரண்டாம் வாரம் பசி வரவழைத்துவிட்டது.

இரண்டு கரி அடுப்பு, கறுத்த அலுமினியப் பாத்திரங்கள், ஒரு நீள பெஞ்சு. சோறும் காராமணி போன்ற ஒரு பயறும், மேலே கொஞ்சம் கீரை, 1,500 ஷில்லிங். அந்த அம்மாள் இடுப்பில் 'கங்கா' என்ற துணி. கங்காவின் கீழ் ஓரத்தில் ஒரு வாக்கியம் அச்சடித்திருப்பார்கள், பழமொழியோ குத்தலோ. பேச விரும்பாத பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணி மூலமாகப் பதில் சொல்லிவிடலாம். இவர் வைத்திருந்த ஒன்றில், வெறுங்கையை யாரும் நக்குவதில்லை என்று இருந்தது. நம் 'வெறுங்கை முழம் போடுமா'வுக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.

பெஞ்சுக்கு அடியில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு பள்ளிக்கூட நோட்டு. கடன் கணக்கு. ஒருநாள் எட்டிப் பார்த்தேன். யாருக்கும் பெயர் கிடையாது. 'சிவப்பு மோட்டார் சைக்கிள்', 'கேட் காவலாளி, கிழவர்', 'அழுகிற பையன்'. என் பக்கம் 'நெட்டை இந்தியன்'. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சாப்பாட்டுக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே. நான் படித்த இரட்டைப் பதிவு முறைக்கு அந்த நோட்டில் இடமில்லை. நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் கணக்குத் தவறவில்லை. என் கணக்கு மூன்று தடவை தவறியிருக்கிறது, அதற்கு முதலாளி சம்பளத்தில் பிடித்தார். அது தனிக்கதை.

2013-இல் புதிய போன் வாங்கிய வேகத்தில் அவரைப் படம் எடுத்தேன். புகைக்கு நடுவில் வியர்வை வழியும் முகம், பின்னால் தகரத் தடுப்பு. முகநூலில் போட்டேன். தலைப்பு சொல்லவே கூசுகிறது. 'உழைப்பின் முகம்' என்று ஏதோ. நிறையப் பாராட்டு வந்தது. மறுநாள் பெருமையாக அவரிடமே காட்டினேன். போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "கேஸ் அடுப்பு எங்கே?" என்று கேட்டார்.

அந்த வாரம்தான் சீட்டுப் பணம் எடுத்துப் புதிய கேஸ் அடுப்பு வாங்கியிருந்தார். அங்கேயும் பெண்கள் சீட்டுப் போடுகிறார்கள், 'உப்பாத்து' என்று பெயர். அடுப்பு அவருக்கு வலப்பக்கம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. படம் நன்றாக அமையவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டியவன் நான்தான்.

10 மார்ச்

நேற்றைய குறிப்புக்குக் கீழே, "அப்படியானால் நீங்களும் அதே வியாபாரம்தான் செய்தீர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். ஆமாம். மறுக்கவில்லை. அந்தப் படத்தை அன்றே நீக்கிவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நீக்கவில்லை. இரண்டு வருடம் இருந்தது.

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009 உரையில் சொன்ன சம்பவம் இதற்குப் பக்கத்தில் வருகிறது. வீட்டு வேலைக்கு வந்த ஃபீதே என்ற பையனின் குடும்பம் பரம ஏழை என்று அம்மா சொல்லிச் சொல்லி, சிறுமி அடிச்சிக்கு அவர்களைப் பற்றி வேறெதுவும் தோன்றவே இல்லை. அவர்கள் ஊருக்குப் போனபோது ஃபீதேயின் சகோதரன் சாயம் தோய்த்த நாரில் பின்னிய அழகான கூடையை அவன் தாய் காட்டுகிறார். சிறுமிக்கு அதிர்ச்சி.

கூடைக்கும் கேஸ் அடுப்புக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்றும் நினைக்கிறேன். கூடையைப் பார்த்து வியந்தவர் சிறுமி. என்னிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டவர் அந்த அம்மாளே. புலவாயோ நாவலுக்குத் திரும்பினால், அதில் தொண்டு நிறுவன லாரி வரும் அத்தியாயம் உண்டு. படக்காரர் கிழிந்த அரைக்கால் சட்டை போட்ட பையனின் பின்பக்கத்தைத் தேடிப்போய்ப் படம் எடுக்கிறார், சிப்போவின் வயிற்றைவிட்டு நகரமாட்டேன் என்கிறார். பிள்ளைகள் அவரைத்தான் வேடிக்கை பார்க்கிறார்கள். ஹபிலாவின் குற்றச்சாட்டுக்குப் பதில் இந்த அத்தியாயத்திலேயே இருக்கிறது. பிப்ரவரி 11-ஆம் தேதி ஓர் அடி நகர்ந்தேன் என்றேன், இப்போது இரண்டாவது அடி.

10 மார்ச், சற்று நேரம் கழித்து

எண் விஷயம் என்பதால் ஒன்று. கென்யத் தலைநகர் நைரோபியின் குடிசைப் பகுதியான கிபேராவில் பத்து லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்று பயண நூல்களும் நன்கொடைக் கடிதங்களும் வருடக்கணக்கில் எழுதின. கென்யாவின் 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்த எண் 1,70,070. கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் இருக்கலாம், சரி. எட்டு லட்சம் பேரா விடுபடுவார்கள்?

30 மார்ச்

மூன்று வாரம் வரமுடியவில்லை. நிதியாண்டு முடிவு. கணக்கர் வீட்டில் மார்ச் மாதம் சாவு விழுந்தாலும் ஏப்ரலில்தான் அழ வேண்டும்.

இடையில் மறுபடி படித்தது: அமினாதா சோ ஃபால் 1979-இல் எழுதிய, பிச்சைக்காரர்களின் வேலைநிறுத்தம் பற்றிய நாவல். இதையும் செனகல்தான் தந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று நகரத்துப் பிச்சைக்காரர்களை விரட்டும் பொறுப்பு மூர் ந்ஜாய் என்ற அதிகாரிக்கு. அவருடைய உதவியாளர் கேபா தாபோ அடித்து உதைத்து, வண்டியில் ஏற்றி, ஒரு வழியாகத் தெருக்களைச் சுத்தம் செய்துவிடுகிறார். எழுபதுகளில் செனகல் அரசு பிச்சைக்காரர்களை மனித இடையூறு என்று பொருள்படும் சொல்லால் உண்மையிலேயே குறிப்பிட்டது. ஆகவே கற்பனை அதிகமில்லை.

மூருக்குத் துணை ஜனாதிபதி ஆகவேண்டும். அவர் நம்பும் மரபூத், அதாவது ஓதிப் பார்த்து வழி சொல்லும் பெரியவர், ஒரு காளையை அறுத்து நகரமெங்கும் திருவோட்டோடு உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடு என்கிறார். தெருவில் ஒரு பிச்சைக்காரர் இல்லை! எல்லோரும் ஊருக்கு வெளியே சல்லா நியாங் என்ற பெண்ணின் வீட்டில் கூடி, இனி நகரத்துக்குள் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். அவர்கள் வாதம் எளிமையானது. நமக்குக் கொடுப்பவர்கள் நம்மீது அன்பு வைத்தா கொடுக்கிறார்கள்? நோய் தீர, பதவி கிடைக்க, கெட்ட கனவு பலிக்காமல் இருக்கக் கொடுக்கிறார்கள். நாம் இல்லாவிட்டால் யாரிடம் கொடுப்பார்கள்? தானம் செய்ய விரும்புகிறவர்கள் ஊருக்கு வெளியே வண்டி எடுத்துக்கொண்டு வரிசையாக வருகிறார்கள். இறைச்சியைத் தூக்கிக்கொண்டு மூர் கெஞ்சும் இடத்தில் நான் பஸ்ஸில் உட்கார்ந்து உரக்கச் சிரித்து, பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். பதவி வேறொருவருக்குப் போகிறது.

நமக்கு இது அப்படியொன்றும் அந்நியமில்லை. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார், தன்னை மதிக்காத இளவெளிமானிடம் வாங்காமல் போய், குமணனிடம் யானை பெற்று வந்து, அதை இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டிவிட்டுப் போனார். இரப்பவனுக்கும் ரோஷம் உண்டு என்பது நம் பாட்டில் தனி ஆளின் கோபம். சோ ஃபால் நாவலில் அது சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசுகிறது.

6 ஏப்ரல்

இதுவரை நான் எழுதியதைப் படித்தால், ஏழை கணக்குப் போடும் கதை நல்ல கதை, ஏழையை வேறொருவர் எண்ணும் கதை மோசம் என்று சூத்திரம் வைத்துவிட்டதுபோல இருக்கிறது. அப்படி ஒரு சூத்திரத்தில் முழுதாக நம்பிக்கை இல்லை. ஜிம்பாப்வே எழுத்தாளர் டாம்புட்ஸோ மாரெச்செராவின் 1978 நூலில் பசி வீட்டுக்குள், மொழிக்குள், மூளைக்குள் எல்லாம் புகுந்துவிடுகிறது. ஒரு கணக்கும் தேறாது. கார்டியன் பரிசு கொடுத்த விழாவில் அவர் தட்டுகளை எடுத்து வீசினார். அந்த மனிதரை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

கணக்கு இருந்தும் கணக்குத் தோற்கும் படம் ஒன்று. செனகல் இயக்குநர் ஜிப்ரில் டியோப் மம்பெத்தி 1994-இல் எடுத்த 'லெ ஃபிராங்'. அந்த ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்க பிராங்கின் மதிப்பை ஒரே நாளில் பாதியாக்கினார்கள். ஐம்பதுக்குக் கிடைத்த பிரெஞ்சு பிராங்குக்கு நூறு கொடுக்க வேண்டும். மாரிகோ என்ற இசைக்காரனின் வாத்தியத்தை வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரி பறித்துவைத்திருக்கிறாள். அவன் லாட்டரிச் சீட்டு வாங்கி, திருட்டுப் போகாமல் இருக்கக் கதவில் பசை போட்டு ஒட்டிவிடுகிறான். பரிசு விழுகிறது. சீட்டு வரவில்லை. கதவையே பெயர்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு டக்கார் முழுக்க நடக்கிறான். பஸ்ஸில் கதவோடு ஏறுகிறான். லாட்டரி அலுவலகத்திலோ, சீட்டின் பின்பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும், கழற்றிக்கொண்டு வா என்கிறார்கள். டியெங்கின் தபால் அலுவலகம் ஞாபகம் வருகிறதா? மாரிகோ கதவோடு கடலுக்குப் போகிறான். அதற்குமேல் நான் சொல்லமாட்டேன், முக்கால் மணி நேரப் படம்தான், பாருங்கள்.

29 மே

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ நேற்று காலமானார். 87 வயது.

'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழில் வந்திருக்கும் நாவலை அவர் கமிட்டி என்ற கென்யச் சிறையில், கழிப்பறைக் காகிதத்தில், கிக்குயு மொழியில் எழுதினார். காகிதம் கைதிகளை உறுத்துவதற்கென்றே சொரசொரப்பாக இருந்ததாம், பேனாவுக்கு அது வசதியாகிவிட்டது. முதலாளியின் ஆசைக்கு இணங்காத வரீங்காவுக்கு வேலை போய், வாடகையை ஏற்றி வீடும் போவதில் கதை தொடங்கும். பிறகு இல்மொரோக் என்ற ஊரின் குகையில் திருடர்கள் போட்டி. தொழிலதிபர்கள் மேடையேறித் தாங்கள் மக்களை எப்படி மொட்டை அடித்தோம் என்று பெருமையடிக்கிறார்கள். மண்ணை டப்பாவில் அடைத்து விற்கலாம், காற்றையும் விற்கலாம் என்கிறார் ஒருவர். 1980-இல் வெளிவந்ததை இன்று பாட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டே படித்தேன்.

இந்த இழையின் முதல் கேள்விக்கு இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வறுமையைக் காட்ட அவர் ஏழையின் முகத்துக்குப் பக்கத்தில் போகவே இல்லை. பணக்காரன் வாயாலேயே சொல்ல வைத்தார். அதுவும் லண்டனுக்குத் தெரியாத மொழியில். கென்யாவில் மதுக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

1 ஜூன்

இழை திசைமாறிப் போகிறது என்று புகார். போகட்டும்.

காங்கோ குடியரசின் தலைநகரான பிராஸாவில் நகரின் பக்கோங்கோ பகுதியில் 'சாப்பர்'கள் என்று ஒரு கூட்டம். சாதாரண வேலை பார்ப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை இளஞ்சிவப்பு சூட், முதலைத்தோல் காலணி, வாயில் புகையாத பைப். மண் தெருவில் அன்ன நடை. இதை எதிர்ப்பு என்று புகழ்கிறவர்கள் உண்டு. பிள்ளை பள்ளிக் கட்டணத்தில் சூட் வாங்கியவன் என்று திட்டுகிறவர்கள் உண்டு. இரண்டாவது கட்சிக்காரர்கள் பெரும்பாலும் அவர்கள் மனைவிகளாக இருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

நைஜீரிய வீடியோ படங்களையும் நீங்கள் 'வறுமை விற்பனை'யில் சேர்க்க முடியாது. 1992-இல் வந்து அந்தத் தொழிலையே நிமிர்த்திய படத்தில், கையில் காசில்லாத ஆண்டி (Andy) என்பவன் ஒரு ரகசியக் கூட்டத்தில் சேர்ந்து, மனைவியைப் பலி கொடுத்துப் பணக்காரன் ஆகிறான். பிறகு அவள் ஆவி வருகிறது. அங்கே குடிசையைவிட மாளிகைதான் அதிகம். தாருஸ்ஸலாமில் நான் குடியிருந்த வீட்டுக் காவலாளி இந்த வகைப் படங்களை ஸ்வாஹிலி விளக்கக் குரலோடு இரவு முழுக்கப் பார்ப்பார். "எங்கள் ஊர்க் குடிசையை நான் எதற்குக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்?" என்றார். பிப்ரவரியில் கேள்வி கேட்ட நண்பரை அவரோடு பேசவிட்டிருக்கலாம்.

19 ஜூலை

அப்துல்ரஸாக் குர்னாவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விடவில்லை, தள்ளிப்போட்டேன். 2021-இல் நோபல் வாங்கினார், பிறந்தது சான்சிபார். அவருடைய 1994 நாவலில் பன்னிரண்டு வயது யூசுஃப், அஜீஸ் மாமா என்ற வியாபாரியோடு ரயிலேறி அனுப்பப்படுகிறான். மாமா ஊருக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு அணாக் காசு கொடுப்பவர். (ஆம், அணா. கதை நடக்கும் காலத்தில் அந்தக் கடற்கரையில் நம் ரூபாய்க் கணக்குதான்.) போன இடத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் கலீல் சொல்லித்தான் தெரிகிறது: அவர் மாமா இல்லை. அப்பா வாங்கிய கடனுக்கு யூசுஃப் அடகு. கலீலும் அப்படி வந்தவன்தான்.

பசி அதிகம் இல்லாத நாவல். பழமரங்கள் நிறைந்த தோட்டம்கூட இருக்கிறது. ஆனால் உனோக்கா சுவரில் போட்டுவிட்டுச் சிரித்த கோடு இங்கே ஒரு பையனாக நடமாடுகிறது. இதைப் படித்த இரவு எனக்கு அந்தப் பள்ளிக்கூட நோட்டு ஞாபகம் வந்தது.

2016-இல் கிளம்பும்போது அவசரம். விசா முடிகிறது, மூட்டை கட்ட வேண்டும். கடைசி வாரம் சாப்பிட்டதற்குக் காசு கொடுத்தேனா என்பதே நினைவில்லை. அங்கே இன்னும் வேலை பார்க்கும் பழைய சகாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

2 ஆகஸ்ட்

பதில் வந்தது. அந்த அம்மாள் கரியாக்கோவில் இல்லை. வாசலில் இப்போது போன் உறை விற்கிறார்கள். அவர் மகளோடு ம்பகாலாவுக்குப் போய் அங்கே சின்ன ஓட்டல் வைத்திருக்கிறாராம், மேசை நாற்காலி போட்டு. சகா ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்திருக்கிறார். நெட்டை இந்தியன் என்றதும் உடனே புரிந்துவிட்டதாம்.

மூன்று சாப்பாடு பாக்கி இருக்கும் என்று என் யூகத்தில் 4,500 ஷில்லிங் கொடுக்கச் சொல்லியிருந்தேன். வாங்கிக்கொண்டு, ஐந்து சாப்பாடு, ஒரு சோடா என்று சொன்னாராம்.